பழுத்த டயல்

பாலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனால், என் மகன் அடுப்பின் முன் நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருப்பான். இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம், வலது மணிக்கட்டில் ஒரு கடிகாரம். பாத்திரத்தை ஏற்றியதும் இடது கைக் கடிகாரத்தின் ஓரத்தில் இருக்கிற பொத்தானை அழுத்துவான். நீளமான முள் ஒன்று சுற்றக் கிளம்பும். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகு மறுபடி அழுத்துவான், முள் நிற்கும். “நேத்தைவிட இன்னிக்கு சீக்கிரம் பொங்கிடுச்சும்மா” என்பான். பாலை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்து என்ன பிரயோஜனம்? துடைக்கிற துணி என் கையில்.

பள்ளிக்கூடத்தில் அவன் விளையாட்டு வாத்தியார். நாள் முழுக்க வெயிலில் விசில் ஊதி, பிள்ளைகளோடு ஓடி, வலை கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வருகிற மனிதன் வீட்டுக்கு வந்தால் அக்கடா என்று உட்காருவான் என்றுதானே நினைப்பீர்கள்? தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவான். தொலைக்காட்சியை நின்றுகொண்டு பார்ப்பான். அவனுக்கென்று வாங்கிப் போட்ட நாற்காலி கடையிலிருந்து வந்த நாள் போலவே இன்னும் பளபளக்கிறது. “உட்காருடா, காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு” என்றால், “நான் உட்கார்ந்தா இது நின்னுடும்மா” என்று மணிக்கட்டைக் காட்டுவான்.

சாக்கு என்று நினைத்தேன்; உண்மைதானாம். அவன் சேர்ப்பதெல்லாம் பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள். சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி கிடையாது. உள்ளே அரை நிலா மாதிரி ஒரு தகடு இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும். கையைச் சும்மா வைத்திருந்தால் ஓய்ந்துவிடும். போதாததற்கு, பந்தயத்துக்கு நேரம் பிடிக்கிற முள்ளும் அதிலேயே உண்டு. முகத்துக்குள் குட்டி குட்டியாக வட்டங்கள், ஓரத்தில் இரண்டு பொத்தான்கள். ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டதாம். அதைக் கட்டிக்கொண்டு என் மகன் குக்கர் விசிலுக்கு நேரம் பிடிக்கிறான்.

“ஓடாம கெடந்தா உள்ள எண்ணெய் கெட்டிப்பட்டுடும்மா” என்று சொல்லி, வீட்டில் ஆளுக்கு ஒன்றைக் கட்டிவிடுவான். நான் வீடு பெருக்கும்போது என் கையில் ஒன்று. “அம்மா கைதான் நல்ல ஓட்டம்” என்று மெச்சுவான். துடைப்பத்தைப் பிடுங்கி அவனே பெருக்கினால் இன்னும் நன்றாக ஓடுமே என்று கேட்டேன்; அடுத்த கடிகாரத்தை எடுக்கப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் பால்கனியில் சாய்ந்தே இருக்கிறவர். அவர் கையில் கட்டினால் கடிகாரமும் சேர்ந்து தூங்கிவிடும். மருமகளிடம் ஒன்றை நீட்டினான். “உங்களைக் கட்டிக்கிட்டதே போதும், இதை வேற கட்டிக்கணுமா?” என்றுவிட்டாள் அவள். ஒருமுறை கீழே இஸ்திரி போடுகிறவரின் கை போய்ப் போய் வருவதைப் பார்த்து ஆசைப்பட்டு, அவருக்கே ஒன்றைக் கட்டிவிட்டு வந்துவிட்டான். மாடி ஏறிய பிறகுதான், ஈரத்துணியில் எழும்புகிற ஆவி கடிகாரத்துக்கு ஆகாதே என்று ஞாபகம் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினான். “வாத்தியாரே, கழட்டிக் கொடுக்கறேன், கையை விடுங்க, பெட்டி சுடுது!” என்று அவர் கத்தியது மூன்றாவது மாடிக்குக் கேட்டது.

இத்தனை கடிகாரம் எதற்கு, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டு மாட்டிக்கொண்டேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு, உள்ளே ஒரே இயந்திரம். முகம் மட்டும் வேறு. அதை டயல் என்பான். “இதுல முள்ளு நுனி தட்டை, அதுல கூர். இதுல பேருக்குக் கீழ ஒரு வரி, அதுல ரெண்டு வரி. பாரும்மா, நல்லாப் பாரு!” எனக்கு எழுத்துத் தெரியாது. ஒரு வரிசை எறும்பு, இரண்டு வரிசை எறும்பு என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போய், “அந்த ரெண்டு எறும்பை எடும்மா” என்றே கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இப்படி மயிரிழை வித்தியாசம் பார்க்கிற என் மகனுக்கு நிறம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்று. பழுப்பும் கறுப்பும் ஒன்று. ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். புள்ளிப் படம் ஒன்றைக் காட்டி, உள்ளே இருக்கிற எண்ணைச் சொல்லச் சொன்னார்களாம். “எந்தப் படத்துல சார் எண் இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் சிவப்பு அணி தோற்ற ஆட்டத்துக்குச் சிவப்பு அணியிடமே கோப்பையைத் தூக்கிக் கொடுத்தவன். அன்றிலிருந்து ஓர் அணி சட்டையை உள்ளே விட்டும் மறு அணி வெளியே விட்டும் ஆட வேண்டும் என்பது அவன் மைதானத்துச் சட்டம்.

ஆகவே டயலின் நிறத்துக்கு அவனுடைய கண் அவன் அப்பா. என் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். இடித்து நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, மற்ற மூன்று கதவுகளோடு சேர்கிற மாதிரி வண்ணம் கலக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கிற நிறம் உதவாது. அந்த வண்டி எத்தனை வெயில் பார்த்திருக்கிறதோ அத்தனை வெயிலையும் சேர்த்துக் கலக்க வேண்டும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மகன் ஒவ்வொரு கடிகாரத்தையும் கொண்டுவந்து நீட்டுவான். அவர் பால்கனிக்குப் போய் வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “துருப்பிடிச்ச ஆணி”, “காய்ஞ்ச புளி” என்று ஏதாவது சொல்வார். அதுதான் தீர்ப்பு. கடிகாரம் சேர்க்கிற மற்ற ஆட்களும் போனில் படம் அனுப்பி, “அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சார்” என்பார்கள்.

அப்படித்தான் அந்தக் கடிகாரம் வந்தது. கறுப்பு டயல்களில் சில, பல வருடம் வெயில் குடித்துப் பழுப்பாகிவிடுமாம். எல்லாம் ஆகாது, எங்கோ ஒன்று. அதைப் பழுத்த டயல் என்பார்கள். பழுத்ததற்கு இருக்கிற மவுசு பழுக்காததற்குக் கிடையாது. “கலக்கினவன் ஏதோ சொதப்பியிருக்கான். அந்தக் காலத்துல நான் அப்படிக் கலக்கியிருந்தா வண்டிக்காரன் செருப்பைக் கழட்டியிருப்பான்” என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் அதை வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார். “பழுப்பு. நல்லா முத்தின பழுப்பு” என்றார். மகன் கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் போய்ப் போய் வந்தான். அன்றைக்கு அவன் தரையில் நடந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

மருமகள் எட்டிப் பார்த்து, “கறுப்பாத்தானே இருக்கு மாமா?” என்றாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். “உனக்கு எல்லாமே கறுப்பாத்தாம்மா தெரியும். நாள் பூரா பார்க்கறது அதைத்தானே?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். எனக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது. சொன்னேன். யார் காதில் விழுந்தது?

இனிமேல் பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் என் மகனைப் போல ஒரு கடிகாரப் பைத்தியம். அவரிடம் ஒரு கடிகாரம்; டயலைச் சுற்றி ஓட்டப்பந்தய மைதானம் மாதிரி கோடு கோடாகப் போட்டிருக்குமாம். அந்தக் கம்பெனி டயல்களில் என் மகனிடம் இல்லாதது அது ஒன்றுதான். அதன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து உருகுவான். சாலையைக் கடக்கும்போது பார்ப்பான். மருமகள் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பாள். அந்த டாக்டர் என்ன சொல்லிவிட்டார் என்றால், “உங்க பழுத்ததைக் கொடுங்க, என் மைதானத்தை எடுத்துக்கங்க. ஆனா நேர்ல வந்து பார்ப்பேன், பெரியவர் வாயால கேட்பேன்.” வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று என்று பேச்சாயிற்று.

அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை என்று தெரிந்தது. படி தவறினார், என் முகத்தைப் பார்த்து “யாரு?” என்றார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றிவிட்டது, முதலில் வலது கண், பிறகு இடது கண் என்றார் கண் டாக்டர். வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “வெள்ளையடிச்சீங்களா?” என்றார். யாரும் அடிக்கவில்லை. என்னைப் பார்த்து, “புதுப் புடவையா?” என்றார். “கிழியப் போறதுங்க” என்றேன். தன் சட்டையைப் பார்த்து, “இது நீலமா? சாம்பல்னு இல்ல போட்டுக்கிட்டிருந்தேன்!” என்று அவரே சிரித்தார். எங்களுக்கும் சிரித்து மாளவில்லை.

மகன் சும்மா இருப்பானா? தட்டில் துண்டு விரித்து, கடிகாரங்களை அடுக்கி எடுத்து வந்தான். “புதுக் கண்ணால பாருங்கப்பா!” அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழுத்த டயலைக் கையில் எடுத்தார். வெயிலுக்குப் போனார், நிழலுக்கு வந்தார். இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. “அப்படியேதான் இருக்கு. பழுப்புதான்” என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கதவுக்கு இன்னும் பட்டிகூடப் பூசாமல் வைத்துக்கொண்டு, வண்டிக்காரரிடம் “நாளைக்கு முடிஞ்சிடும் சார்” என்று சொல்கிற குரல் அது.

இத்தனை நாளும் அவர் பார்த்த பழுப்பு டயலில் இல்லை, அவர் கண்ணில் இருந்திருக்கிறது. மகன் அதைக் கவனிக்கவில்லை. மைதானக் கோடு அவன் கண்ணை மறைத்திருந்தது. இடது கண்ணுக்கு நாள் குறிக்க வேண்டும் என்று போனும் கையுமாக அலைந்தான். அவர் பிடி கொடுக்கவில்லை.

“ஒரு கண்ணே போதும். எனக்கென்ன, கார் பெயிண்டா அடிக்கப் போறேன்?”

“விளையாடறீங்களா? ரெண்டும் பண்ணினாத்தான் சரியா இருக்கும்னு டாக்டர் சொன்னாரே!”

“பண்ணிக்கலாம். அந்தப் பல் டாக்டர் வந்துட்டுப் போகட்டும்.”

“அவருக்கும் உங்க கண்ணுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தலைகீழாக விரித்திருந்தார் என்பது படங்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

மகனுக்குக் காலில் சக்கரம் கட்டியாயிற்று. கூடம், பால்கனி, மாடிப்படி, மறுபடி கூடம். ஒரு சாயங்காலம் சமையலறைக்கு வந்து, உப்பு டப்பாவைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

“அம்மா, அப்பா ஏன் பால்கனியில வலது கண்ணைப் பொத்திக்கிட்டு அந்தக் கடிகாரத்தைப் பார்க்கறாரு? பொத்தறதுன்னா பழைய கண்ணைத்தானே பொத்தணும்? புதுசை ஏன் பொத்தறாரு?”

“அதை அவரையே கேளு. என்னைக் கேக்காதே.”

“உனக்குத் தெரியும்.”

“தெரியும். சொல்ல மாட்டேன்.”

அவன் அப்பாவிடம் போகவில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற மருமகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போனான்.

“இது என்ன கலர்? உண்மையைச் சொல்லு.”

“அன்னிக்கே சொன்னேனே. கறுப்பு.”

“கொஞ்சம் கறுப்பா, ரொம்பக் கறுப்பா?”

“கறுப்புல என்னங்க கொஞ்சம், ரொம்ப? கொஞ்சம் வெளுத்த கறுப்பு. மேல இருக்கற கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கு, அதனால ஒரு பக்கமாப் பார்த்தா ஒரு மாதிரி தெரியும். நேராப் பார்த்தா கறுப்பு.”

“அப்பா பழுப்புன்னாரே!”

“மாமா பொய் சொல்லலைங்க. அவருக்கு அப்போ எல்லாமே பழுப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். வெள்ளைச் சுவரே பழுப்பாத் தெரிஞ்சவருக்கு வேற எப்படித் தெரியும்?”

அவன் மொட்டை மாடிக்குப் போனான். இறங்கித் தெருமுனைக்குப் போனான். திரும்பி வந்து துணி மடித்துக்கொண்டிருந்த என் எதிரில் நின்றான். இரண்டு கையும் ஆடுகிறது.

“பல் டாக்டருக்கே அது பழுப்பாத் தெரிஞ்சா, நாம என்னம்மா பண்ண முடியும்? அவருக்குக் கண்ணு இல்லையா?”

தலையணை உறையை உதறினேன்.

“என்னம்மா பேசாம இருக்கே?”

“நீயே பேசறியே.”

ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தான். “அப்பா இப்பவும் பழுப்புன்னுதான் சொல்வாரு. எனக்காகச் சொல்வாரு. அதுக்காகத்தான் அந்தக் கண்ணை அப்படியே வச்சிருக்காரு. பழைய கண்ணு ஒண்ணு இருந்தா, பழுப்புன்னு சொல்றது பொய் ஆகாதுன்னு கணக்கு.”

“தெரியுதில்ல? அவர்கிட்டச் சொல்லிடேன். கண்ணைப் பண்ணிக்கட்டும்.”

“எப்படிச் சொல்றது? ‘உங்க கண்ணு தப்பாச் சொல்லிடுச்சுப்பா’ன்னா? யாரு சொல்றது? சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத நான், அவருக்குச் சொல்றதா?”

பல் டாக்டருக்குப் போன் போட்டான். மணி அடிப்பதற்குள் வைத்தான். பிறகு போனில் அந்த மைதானக் கடிகாரத்தின் படத்தை எடுத்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். ஆசை விட்டுப் போகவில்லை என்று அந்த விரலே சொன்னது. பெற்றவள் என்பதால் மறைத்துப் பேச மாட்டேன். அந்த வாரம் முழுக்க என் மகன் எந்தப் பக்கம் சாய்வான் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஓட விட்டானாம். பால் பொங்கியது, அவன் பொத்தானை அழுத்தக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். நல்ல மனிதர்; வந்ததும் என் பல்லைப் பார்த்து, “கட்டின பல்லாம்மா, சொந்தமா?” என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். தோல் சுருளைப் பிரித்து, அந்த மைதானத்தை மேசையில் வைத்தார். என் மகன் அதைத் தொடவில்லை. தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டான். அப்படியும் தோள் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் எங்கள் கடிகாரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார், விளக்கடிக்கு வந்தார். “இப்படிப் பார்த்தா பழுப்பு. அப்படிப் பார்த்தா கறுப்பு. எனக்கு ஆசை வந்துடுச்சு சார், ஆசை வந்த கண்ணை நான் நம்ப மாட்டேன். பெரியவர் என்ன சொல்றாரோ அதுதான். அவர் பழுப்புன்னா என் மைதானத்தை இங்க வச்சுட்டு, இதை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன், மறு பேச்சு இல்ல.”

மருமகள் தண்ணீர்த் தம்ளரோடு நடு வழியில் நின்றுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பால்கனியிலிருந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கடிகாரத்தை இடது கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை போய் அந்தப் புதுக் கண்ணின் மேல் பொத்திக்கொண்டது. தொண்டையைச் செருமினார்.

“அப்பா, கொஞ்சம் இருங்க” என்றான் மகன்.

மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றான். புதுக் கண்ணை மூடியிருந்த கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்து, பழைய கண்ணின் மேல் வைத்தான். அது அங்கிருந்து நழுவிவிடாமல் அதன் மேல் தன் உள்ளங்கையையும் வைத்து மூடிக்கொண்டான்.